பதினேழாம் எண்ணின் இரண்டாவது கையெழுத்து

என் மகள் விட்டுச்சென்ற பொருள்களை அவள் தாய் ஒரு மாதத்துக்குள் உரிய இடங்களில் சேர்த்துவிட்டாள். உடுத்தாத புடவைகள் உறவுக்காரப் பெண்களுக்குப் போயின. பிரிக்கப்படாத மருந்துப் பெட்டிகள் மருத்துவமனைக்கே திரும்பின. சென்னையில் அவள் குடியிருந்த வீட்டிலிருந்து வந்த பாத்திரங்கள் கட்டவிழ்க்கப்படாமலேயே நகரிக்குப் போயின. என் மனைவியின் அண்ணன் வீடு அங்கே இருக்கிறது. என் பங்குக்கு மிஞ்சியது ஓர் அட்டவணை.

அரசிடம் உள்ள தொன்மைச் சின்னங்களின் பதிவுகளை இப்போது எவரும் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஊர்ப் பெயர், நில அளவை எண், ஒன்றிரண்டு வரி விளக்கம், நீள அகலம் ஆகியவை அதில் இருக்கும். பெரும்பாலானவற்றுக்குப் படம் இல்லை. வரைபடத்தில் இடமும் குறிக்கப்படவில்லை. பதிவில் இருக்கும் ஒரு கல் நிலத்தில் எங்கே நிற்கிறது, இன்னும் நிற்கிறதா என்பதை யாராவது நேரில் போய்ப் பார்த்தால்தான் சொல்ல முடியும். திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதி ஊர்களுக்குரிய வரிகளை மட்டும் என் மகள் அந்தப் பெரும் பதிவிலிருந்து பிரித்தெடுத்து எண் கொடுத்தாள். நாற்பத்திரண்டு வரிகள் தேறின. கோயில்கள் சில, மதகுக் கல்வெட்டுகள் சில, மற்றவை நடுகற்கள். சண்டையில் மாண்ட வீரர்களுக்காக முன்னோர் நட்டவை. ஒவ்வொன்றையும் தேடிப் போய்ப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, எவரும் எடுத்தாளக்கூடிய பொதுத் தளம் ஒன்றில் ஏற்ற வேண்டும். அதற்காக அவள் தன்னார்வலர்களைத் திரட்டினாள்.

நில வரைபடம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. இரத்தத்தில் நோய் கண்டபிறகு அதை விட்டுவிட்டு எங்களிடம் வந்தாள். ஒரு சிகிச்சைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்பது பத்து நல்ல நாள்கள் கிடைக்கும். அந்த நாள்களில் இந்த வேலையைச் செய்தாள். ஏன் இதைத் தேர்ந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடக்கூடும் என்ற பயம் எனக்கு இருந்தது.

முதல் கூட்டத்துக்குப் பதினொருவர் வந்தார்கள். எங்கள் வீட்டு முன்னறையில் நாற்காலி போதாமல் சிலர் தரையில் அமர்ந்தார்கள். அவர்களில் இருவரை மட்டும் இங்கே சொன்னால் போதும். ஒருவர் கிராமச் செவிலியர். தடுப்பூசி போடப் போய்வந்ததில் அந்தப் பகுதியின் எல்லாச் சந்துகளும் அவருக்குத் தெரியும். மற்றவர் அம்மையார்குப்பத்தில் இரண்டு விசைத்தறி வைத்திருப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். பழைய கற்கள்மீது அவருக்கு எப்படி ஆசை வந்ததோ, அதைப் பற்றிப் பேச்செடுத்தால் வெட்கப்படுவார். மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காக அவர்கள் ஊரில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். தறி ஓடாத அந்த நாளில்தான் அவரால் வர முடியும். எங்கள் கூட்டங்களும் களப்பயணங்களும் அவர் ஊரின் மின்தடை அறிவிப்பைப் பார்த்தே முடிவாயின. ஆடிக் கிருத்திகை வாரத்தில் மட்டும் மின்சாரம் நின்றாலும் பயனில்லை; காவடிக் கூட்டத்தில் வண்டி எதுவும் திருத்தணியைத் தாண்டாது.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். அந்தப் பழக்கத்தால் அவர்களுக்கு ஒரு விதி வகுத்தேன். ஒவ்வொரு சின்னத்துக்கும் குறிப்பேட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும். முதலாவது படமெடுத்தவருடையது. இரண்டாவது சரிபார்த்தவருடையது. இரண்டாமவர் முதலாமவரின் சொல்லை ஏற்றுக் கையெழுத்திடக் கூடாது; தானே கல்லருகே போய், பதிவிலுள்ள அளவோடு அதை அளந்து பார்த்து, பொருந்தினால் மட்டுமே இட வேண்டும். தேடிப் போகிறவன் தேடியதையே காண்பான், அதனால்தான் இரண்டாவது ஆள் தேவை என்று விளக்கினேன். தறிக்காரர் அதைத் தன் சிறு நோட்டில் எழுதிக்கொண்டார்.

பதினேழாம் எண்ணுக்கு நானும் மகளும் மட்டும் போனோம். அது புரட்டாசி மாதம். அந்த வாரம் மின்தடை இல்லை. அடுத்த சிகிச்சைக்குத் திங்கட்கிழமை சேர வேண்டியிருந்ததால் அதற்குள் ஒன்றையாவது முடித்துவிட வேண்டும் என்றாள். பள்ளிப்பட்டுக்குப் போகும் வழியில் உள்ள ஊர் அது, பெயர் வேண்டாம். ஏரிக்கரையில் வீரன் சாமி என்று வணங்கப்படும் நடுகல். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், கீழே மூன்று வரி எழுத்து என்று பதிவு சொன்னது. காரைச் சாலையோரம் நிறுத்தினேன். கல் இருந்த மேடைக்கு அங்கிருந்து அறுபது எழுபது அடி ஏற வேண்டும். என் முழங்கால் அன்று சரியில்லை, வெயிலும் கடுமை. நான் காரிலேயே இருந்துவிட்டேன். அவள் குடையை விரித்துக்கொண்டு, சிவப்பும் வெள்ளையுமாக வண்ணமடித்த அளவுகோலோடு ஏறிப் போனாள்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். இருக்கையில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர் குடித்துவிட்டுக் கைப்பேசியில் படங்களைக் காட்டினாள். மாலையும் மஞ்சளுமாக வீரன் நின்றான். இடக்கையில் வில் இருந்தது. வலக்கையில் குறுவாள் இருந்தது. வழியில் போன பெண் ஒருத்தியிடம் இதுதானே வீரன் கல் என்று கேட்டதாகவும், ஆங், இதுதான் என்று அவள் சொல்லிவிட்டுப் போனதாகவும் கூறினாள்.

"அடிப்பாகம் சிமெண்டு மேடையில புதைஞ்சிருக்கு நைனா. எழுத்து அதுக்குள்ள போயிருக்கும். அகலத்த மட்டும் நீங்க ஒரு தடவ அளந்துட்டு வந்துடுங்க" என்று அளவுநாடாவை நீட்டினாள்.

நான் மேட்டைப் பார்த்தேன். அவள் முகத்தையும் பார்த்தேன். அவளைச் சீக்கிரம் வீட்டில் படுக்கவைக்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். முழங்காலைப் பற்றி அப்போது நினைக்கவில்லை என்று இன்று எழுதினால் அது பொய்யாகும். படத்திலேயே எல்லாம் தெரிகிறதே என்று சொல்லி, குறிப்பேட்டை வாங்கி, இரண்டாவது கையெழுத்தைப் போட்டேன்.

"பாத்துட்டு போடுங்க நைனா."

போட்டாயிற்று என்றேன். முன்பெல்லாம் இப்படி ஒன்று நடந்திருந்தால் அரை மணி நேரம் வாதாடியிருப்பாள். அன்று குறிப்பேட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே படத்தைத் தளத்தில் ஏற்றினாள். அதன்பிறகு அவள் எந்தக் களத்துக்கும் போகவில்லை. தை மாதம் இறந்தாள்.

அந்தத் தளத்தில் ஒவ்வொரு தன்னார்வலருக்கும் ஒரு பக்கம் உண்டு. அவர் ஏற்றிய படங்கள் அங்கே வரிசையாக இருக்கும். கடைசியாக ஏற்றியது முதலில் தெரியும். மகளின் பக்கத்தைத் திறந்தால் முதலில் தெரிவது பதினேழாம் எண். மாசி, பங்குனி முழுவதும் காலையில் செய்தித்தாள் வருவதற்குமுன் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று. என் மனைவிக்கு இது தெரியாது என்று நினைத்திருந்தேன்.

சித்திரையில் ஒரு மின்தடை நாளன்று தறிக்காரர் வந்தார். மகள் இறந்தபின் குழுவில் ஐந்து பேர்தான் எஞ்சியிருந்தோம். அடுத்த எண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று எண்ணினேன். அவர் காப்பி வேண்டாம் என்றார். எங்கள் வீட்டில் ஒருபோதும் அவர் காப்பியை மறுத்ததில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும். மனசுல வச்சிக்காதீங்க."

சொல்லுங்கள் என்றேன். முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்காக அந்த ஏரிக்கரை ஊருக்குப் போயிருக்கிறார். சாப்பிட்டுவிட்டுக் காலாற நடந்தவர், நம் வீரனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மேட்டில் ஏறியிருக்கிறார். சாமிக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார்களாம். துணியில்லாமல் கல்லின் பின்புறம் தெரிந்திருக்கிறது.

"கை வச்சி பாத்தேன் சார். மிசின்ல அறுத்த கோடு. எங்க தறில பாவு ஓட்டுனா மாதிரி வரிவரியா, நேரா. உளியில செதுக்குன கல்லு அப்டி இருக்காது. அது புதுக் கல்லு."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"நான் யாருகிட்டயும் சொல்லல. மேடம் போட்ட கடைசிப் படம் அது, எனக்குத் தெரியும். நீங்க வாணாம்னா இத்தோட வுட்டுடலாம்."

விட்டுவிடலாம்தான். அந்தப் பட்டியலை எடுத்துப் பதினேழாம் எண்ணின் அகலத்தைச் சரிபார்க்க இந்த உலகில் யாரும் வரப்போவதில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மையென்றால், பழைய கல் என்ற பெயரில் ஒரு புதிய கல்லின் படம் என் மகள் பெயரால் பொதுவில் நிற்கிறது. அதை எடுத்தால், அவளுடைய கடைசி வேலை அவள் பக்கத்திலிருந்து போய்விடும். அது அங்கே ஏறியதற்குக் காரணம் என் கையெழுத்து. சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, போகலாம் என்றேன். வழியில், காரில், நான் அளக்காமல் கையெழுத்திட்டதை அவரிடம் சொன்னேன். அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுக் கழித்து, வெயில் அன்று கடுமையாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

மேட்டில் ஏறி நாடாவை வைத்தேன். பதிவில் இருந்ததைவிட நான்கு விரற்கடை குறைவு. அளக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கோயிலைப் பார்த்துக்கொள்பவர் பக்கத்துக் கழனிக்குச் சொந்தக்காரர், அறுபது வயதிருக்கும். எங்களைக் கண்டதும் வரப்பிலிருந்து ஏறி வந்து, மேடை ஓரத்தைத் துண்டால் தட்டிவிட்டு, குந்துங்க என்றார். கல்லைப் பற்றிக் கேட்டதும் தயக்கமில்லாமல் சொல்லத் தொடங்கினார். மறைக்க அவரிடம் எதுவும் இருக்கவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் கரையை அகலப்படுத்தியபோது மண் அள்ளும் இயந்திரத்தின் பல் பட்டுப் பழைய கல் மார்புக்குக் குறுக்கே இரண்டாகப் பிளந்துவிட்டது. பின்னமான சாமியை வைத்துக் கும்பிடக் கூடாது, தண்ணீரில் விட வேண்டும் என்று ஐயர் சொன்னார். மேளம் வைத்து, கற்பூரம் காட்டி, டிராக்டரில் ஏற்றி ஏரிக்குள் விட்டார்கள். அதற்குமுன் பழைய கல்லைப் படமெடுத்துச் சிற்பியிடம் கொடுத்து அதேபோல் புதிதாகச் செய்துவாங்கி நட்டார்கள். வில்லும் வாளும் பொருந்தியதன் காரணம் எனக்குப் புரிந்தது. கீழே இருந்த எழுத்துகளைப் பற்றிக் கேட்டேன்.

"எழுத்து எதுக்குங்க? சாமிய கும்பிடப் போறோமா, படிக்கப் போறோமா?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாமி அதே சாமிதாங்க. கல்லுதான் வேற."

அவர் சொன்னதில் பிழையேதும் இல்லை. என் மகளுக்குப் பதில் சொன்ன பெண்ணும் பிழையாகச் சொல்லவில்லை. வீரன் இதுதானா என்று மகள் கேட்டாள்; வீரன் அதுதான். அவர்கள் முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்திருந்தார்கள். எங்கள் முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்யாதவன் நான் ஒருவன்தான்.

கிளம்பும்போது அவருக்கு ஏதோ நினைவு வந்தது. "மழைக்கு முந்தி ஒரு பாப்பா வந்துச்சி, குடை புடிச்சிகினு. நான் தண்ணி கட்டிகினு இருந்தேன். படம் புடிச்சிகினு போவட்டும்னு வுட்டுட்டேன். கூப்ட்டு கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். உங்க பொண்ணுங்களா? நல்லா இருக்குதா?"

தறிக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இல்லை என்றேன். எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னேன் என்று அந்தப் பெரியவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எங்கள் கார் திரும்பும்வரை அப்படியே நின்றார்.

பழைய கல் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு துண்டானாலும் அது அதே கல்தான். ஏரி அதே ஏரிதான். படத்தை மட்டும் மாற்றி, கல் இடம் மாறியதைக் குறிப்பாகச் சேர்த்தால், பதிவை முதலில் செய்தவள் என்ற இடத்தில் மகளின் பெயர் நிற்கும். தளத்தின் விதியும் அதை அனுமதித்தது. வைகாசியில் ஏரி வற்றும்வரை காத்திருந்தேன்.

செவிலியரும் தறிக்காரரும் நானும் போனோம். கழனிக்காரர் கரையில் நின்று இடத்தைக் காட்டினார். பின்னமான சாமியை எப்போதும் நீர் நிற்கும் இடத்தில்தான் விட வேண்டும். கோடையில் வெளியே தெரிந்துவிடக் கூடாது. அதனால் மதகுக்கு நேரே, ஏரியின் ஆழமான பள்ளத்தில் விட்டிருந்தார்கள். வண்டல் அதிகம் படிவதும் அங்கேதான். விவசாயிகள் கழனிக்கு வண்டல் அள்ளலாம் என்று அனுமதி வந்தபின் இரண்டு கோடையாக டிராக்டர்கள் இறங்கியது அந்தப் பள்ளத்தில்தான். எங்களுக்கு முன்னால் இரண்டாள் ஆழத்துக்குத் தோண்டப்பட்டு வெறும் களிமண் வெடித்துக் கிடந்தது. மண்ணோடு வந்த கற்களை என்ன செய்தார்கள் என்று கேட்டோம். கரை சரியாமல் இருக்க மதகுப் பக்கம் கொட்டினோம் என்றார். சில, மண்ணோடு மண்ணாக எந்தக் கழனிக்குப் போனதோ தெரியாது என்றார்.

மதகிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு போனோம். பணிக்குத் திரும்ப வேண்டும் என்று செவிலியர் நண்பகலில் கிளம்பிவிட்டார். போகுமுன் என்னிடம், "தொப்பி போட்டுக்குங்க சார், மயக்கம் வந்தா நான்தான் ஓடி வரணும்" என்றார். அவரை மறு மாதமே வேறு வட்டாரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மதகின் மறுபுறம் ஒரு பலகைக்கல் சாய்ந்து கிடந்தது. ஒரு முனை உடைந்திருந்தது. முகப்பு தேய்ந்து வழவழப்பாயிருந்தது. அதன் இடப்பக்கத்தில் ஒரு வளைவு. வில் என்று நினைத்துப் பார்த்தால் வில்லாகத் தெரிந்தது. நாடாவை வைத்தேன். பதிவிலுள்ள அகலம் சரியாக வந்தது. மறுபடி வைத்தேன். மூன்றாம் முறையும் வைத்தேன். கல்லைப் பலவிதமாகப் படமெடுத்தேன். தறிக்காரர் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இதுவரை பார்த்த கற்களைப் பற்றியெல்லாம் ஏதாவது சொல்லிக்கொண்டு வந்தவர், இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பதிவை எழுதினேன். பழைய கல்லின் உடைந்த மேற்பகுதி மதகருகே கிடைத்தது. அகலம் அரசுப் பதிவோடு பொருந்துகிறது. வில்லின் தடயம் காணப்படுகிறது. எழுத்துப் பகுதி கிடைக்கவில்லை. ஐயங்கள் எழக்கூடிய இடங்களை நானே எழுப்பி நானே விடை சொன்னேன். நான்கு பத்திகள். மாணவர் எவராவது அப்படியொரு வாதத்தைக் கொண்டுவந்திருந்தால், ஒத்துப்போகிற அளவு ஒன்றை வைத்துக்கொண்டு ஒத்துப்போகாதவற்றை எப்படித் தள்ளினாய் என்று முதல் கேள்வியிலேயே உட்காரவைத்திருப்பேன். என்னிடம் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. தறிக்காரரின் இரண்டாவது கையெழுத்து மட்டும்தான் பாக்கி இருந்தது. தொலைபேசியில் கேட்டபோது, அடுத்த மின்தடையன்று வருகிறேன் என்றார்.

வந்தார். குறிப்பேட்டை அவர் கேட்கவில்லை. நான்தான் எடுத்து முன்னால் வைத்தேன். அவர் அதைத் திறக்கவில்லை.

"ரெண்டாவது ஆளு தனியா போய்ப் பாக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க. விடிகாலைல போய்ட்டு நேரா அங்கருந்துதான் வரேன். கழனிக்காரர் ஆளு வச்சிக் குடுத்தாரு. நாலு பேரு கடப்பாரை போட்டுப் புரட்டுனோம் சார். அடியில துளை போட்டு வெடி வச்ச தடம் இருக்குது. வரிசையா. மதகு கட்டறப்போ குவாரிலருந்து எடுத்தாந்த கல்லு அது."

அந்த வளைவு எப்படி வந்தது என்று கேட்டேன். டிராக்டர்ச் சங்கிலி இழுத்த கீறலாக இருக்கும் என்றார். அகலம் பொருந்துகிறதே என்றேன். என் குரல் சற்று உயர்ந்திருக்க வேண்டும். உள்ளறையில் மனைவி ஏதோ செய்துகொண்டிருந்த ஓசை நின்றது.

"அகலம் பொருந்துது சார். எங்க வூட்டு வாசப்படிகூட அந்த அகலம்தான் இருக்கும்." சொன்ன உடனே அதற்காக வருந்தியவர்போல் குறிப்பேட்டை என் பக்கம் மெல்லத் தள்ளினார். "என்னால போட முடியாது. எனக்கும் இது அதுவா இருக்கக் கூடாதான்னுதான் இருந்துச்சி. மேடம் இருந்தா என்னைய போட வுடுவாங்களா?"

அவர் எழுந்து போகவில்லை. பிறகு நான் குறிப்பேட்டைத் திறந்து, புதிய பக்கத்தில் பதினேழு என்று எழுதி, கல் இடத்தில் இல்லை, ஏரியில் விடப்பட்டது, தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதினேன். முதல் கையெழுத்தை நான் இட்டேன். அவர் அதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு இரண்டாவது கையெழுத்தை இட்டார்.

அவர் போனபின் குறிப்பேட்டை முதலிலிருந்து புரட்டினேன். என் கையெழுத்து இரண்டாவதாக இருந்த பதிவுகள், பதினேழையும் சேர்த்து, ஆறு. இரண்டு கற்களை அளந்தது தெளிவாக நினைவிருக்கிறது. ஒன்றில் நாடா என் விரலை வெட்டியது. மற்ற மூன்றை அளந்தேனா என்று எவ்வளவு யோசித்தும் சொல்ல முடியவில்லை. திருவாலங்காட்டுப் பக்கம் ஒன்று, ஆர்.கே.பேட்டைப் பக்கம் இரண்டு. அவற்றை மறுபடி பார்க்க வேண்டும். குழுவில் இருந்த கல்லூரி மாணவிகள் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். செவிலியர் இல்லை. தறிக்காரருக்கு மாதத்தில் ஒருநாள். இதுவரை யாரும் போய்ப் பார்க்காத எண்கள் இருபதுக்கு மேல் கிடக்கின்றன. அவற்றுள் எத்தனை கற்கள் நீருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போய்விட்டன என்பதைக் கணித்துச் சொல்ல என் படிப்பில் வழி இருக்கிறது. அந்தக் கணிப்பைச் செய்து பார்க்க எனக்கு விருப்பமில்லை.

மாலையில் கணினியின் முன் அமர்ந்தேன். மனைவி ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றாள். எல்லாவற்றையும் அவள் கேட்டிருந்தாள். இருந்தும் ஒன்று கேட்டாள்.

"அவ தப்பு பண்ணிட்டாளா?"

இல்லை என்றேன். அவள் என்னை அளக்கச் சொன்னாள், நான் அளக்கவில்லை என்றேன். திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் அவள் என்னைக் கடிந்து பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

படத்தை எடுப்பதற்குமுன் ஒருமுறை பெரிதாக்கிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். வெகு அருகே குனிந்து பார்த்தாள். மாலை, மஞ்சள், கல்லின் ஓரமாகச் சாத்திவைத்த சிவப்பு வெள்ளை அளவுகோல், பின்னால் புங்கமரத்தின் ஒரு கிளை. மூலைக்கு மூலை தேடினாள்.

"இதுல அவ எங்கியும் இல்லியே."

"அவ எடுத்த படம். அதுல அவ இருக்க மாட்டா."

அவள் நிமிர்ந்துகொண்டாள். நீக்குவதற்கான காரணத்தைத் தளம் கேட்டது. சரிபார்த்தவர் நேரில் அளக்கவில்லை என்று எழுதினேன். சரிபார்த்தவர் பெயர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதி உறுதிசெய்தேன். மகளின் பக்கத்தில் இப்போது முதலில் தெரிவது பதினாறாம் எண், ஒரு மதகுக் கல்வெட்டு. அதற்கு இரண்டாவது கையெழுத்து செவிலியருடையது.